தேவாங்கு இன்னும் ஐம்பது வருஷம் இருக்குமா? தோப்புகளை வைத்துக் கணக்குப் போடும் முறை

அழகர்கோவிலில் இருந்து நத்தம் வரைக்கும் உள்ள ஊர்களில் யாரைக் கேட்டாலும் தேவாங்கைப் பார்த்த கதை ஒன்று வைத்திருப்பார்கள். மாந்தோப்பில், சாலைப் புளியமரத்தில், கோவில்காட்டில், கிளுவை வேலியில் என்று இடம் மட்டும் மாறும். "இன்னும் இருக்கா?" என்று கேட்டால், "இருக்கும், எங்கே போகப்போகுது" என்பார்கள். இந்த "இருக்கும்" என்ற சொல்லைக் கணக்காக மாற்றுவது எப்படி என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவன். நிலம் துண்டு துண்டாகும்போது எந்த உயிரினம் தாக்குப்பிடிக்கும், எது போய்விடும் என்பதைக் கணித மாதிரி மூலம் பார்ப்பது என் ஆராய்ச்சி. இதற்குப் பெரிய கம்ப்யூட்டர், வெளிநாட்டுப் பட்டம், லட்சக்கணக்கில் பணம் எல்லாம் வேண்டும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஒரு நோட்டு, ஒரு டார்ச், கூகுள் எர்த், எக்செல் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். மீதிக் கால்வாசி நடை.

முதலில், என்ன கேள்வி கேட்கிறோம் என்று தெளிவாகட்டும்

"இந்தத் தோப்பில் தேவாங்கு இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "இந்த வட்டாரத்தில் தேவாங்கு தங்குமா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு டார்ச் போதும். இரண்டாவதற்குத்தான் மாதிரி வேண்டும்.

ஒரு சின்னத் தோப்பில் நாலைந்து தேவாங்குதான் இருக்கும். ஒரு வறட்சி, நாய்கள், மின்கம்பி, ஏதோ ஒன்றில் அவை போய்விடலாம். பக்கத்துத் தோப்பில் இருந்து ஒரு ஜோடி வந்து சேர்ந்தால் அந்த இடம் மறுபடி உயிர் பெறும். சங்கிலியாக இருக்கும் நம்மூர்க் கண்மாய்களை யோசித்துப் பாருங்கள். மேலக்கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழக்கண்மாய் நிரம்பும். ஒன்று வற்றிக் கிடக்கிறதே என்று அதைத் தூர்த்துவிட்டால், அதற்குக் கீழே இருக்கிறவை எல்லாம் கெட்டுப்போகும். தோப்புகளும் அப்படித்தான். ஒரு தோப்பு இன்று காலியாக இருக்கிறது என்பதற்காக அதைக் கணக்கில் இருந்து எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைக்கச் சொன்னால், காலித் தோப்பும் கணக்கில் சேரும் என்பதைத்தான் சொல்வேன்.

இந்த யோசனையை 1969-ல் கணிதமாக்கியவர் ரிச்சர்ட் லெவின்ஸ் என்ற அமெரிக்கர். துண்டு துண்டாகச் சிதறி, ஆனால் போக்குவரத்தால் இணைந்திருக்கும் கூட்டங்களின் தொகுப்புக்கு 'மெட்டாபாப்புலேஷன்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். அதைக் களத்தில் நிரூபித்துக் காட்டியவர் பின்லாந்தின் இல்க்கா ஹான்ஸ்கி. ஆலண்ட் தீவுகளில் ஏறக்குறைய 4,000 சின்னப் புல்வெளிகளை அவர் குழு வரைபடத்தில் குறித்து, கிளான்வில் ஃப்ரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சி எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று 1990-களின் தொடக்கத்தில் இருந்து வருஷா வருஷம் பதிவு செய்தது. புழுக்கள் குளிர்காலத்துக்கு முன்னால் பட்டுநூலால் கூடு கட்டும். மாணவர்கள் வரிசையாக நடந்து அந்தக் கூடுகளை எண்ணினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் புல்வெளிகளில் பூச்சி வருவதும் போவதுமாக இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் தங்கியது. ஹான்ஸ்கி 2016-ல் மறைந்தார். 1994-ல் அவர் கொடுத்த சூத்திரத்தைத்தான் நாம் நத்தம் பக்கத்துத் தோப்புகளுக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஒரு எளிய கணக்கு, கை பழகுவதற்கு

எக்செலைத் திறக்கும் முன்னால் லெவின்ஸ் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். அதற்கு இரண்டே எண்கள் போதும். தேவாங்கு உள்ள ஒரு தோப்பு ஒரு வருஷத்தில் காலியாகிற வேகம் ஒன்று. இதை அழிவு எண் என்போம். காலியான தோப்புகளுக்கு மற்ற தோப்புகளில் இருந்து பரவுகிற வேகம் இன்னொன்று. இது வரவு எண். அழிவு எண்ணை வரவு எண்ணால் வகுத்து, 1-ல் இருந்து கழித்தால், காலப்போக்கில் எத்தனை பங்கு தோப்புகளில் தேவாங்கு இருக்கும் என்று கிடைக்கும்.

பழகுவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை: 40 தோப்பு, அழிவு எண் 0.1, வரவு எண் 0.25. வகுத்தால் 0.4. 1-ல் இருந்து கழித்தால் 0.6. அதாவது 24 தோப்புகளில் தேவாங்கு இருக்கும், 16 காலியாக இருக்கும்.

இப்போது 20 தோப்பைப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள் என்று வையுங்கள். பாதி போனால் 12 தோப்பில் தேவாங்கு இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படி வராது. 1 இருந்த இடத்தில் 0.5 போடுங்கள், 0.5-ல் இருந்து 0.4 போனால் 0.1. அதாவது பழைய 40-ல் பத்தில் ஒரு பங்கு, வெறும் 4 தோப்பு. இன்னும் 4 தோப்பை வெட்டினால் மீதி 16 தோப்பு பச்சைப் பசேல் என்று நிற்கும். ஆனால் மிஞ்சுவது பூஜ்ஜியம். மரம் இருக்கும்போதே தேவாங்கு போய்விடும். முதன்முறை இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கிற மாணவர்கள் மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இது உடனே நடந்துவிடாது என்பதுதான் ஏமாற்றுகிற விஷயம். தோப்புகள் வெட்டப்பட்ட பிறகும் பல வருஷம் தேவாங்கு கண்ணில் படும். வரவு குறைந்துவிட்டது என்பது, ஒவ்வொரு தோப்பாகக் காலியாகி, திரும்ப நிரம்பாமல் போகும்போதுதான் தெரியும். 1994-ல் டில்மன் என்ற சூழலியலாளரும் அவருடைய சகாக்களும் இதற்கு அழிவுக் கடன் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் இன்று பார்க்கிற தேவாங்கு, இருபது வருஷத்துக்கு முந்தைய நிலத்தின் கணக்காகவும் இருக்கலாம்.

தோப்புகளைக் குறிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். மாதிரியின் தரம் பெரும்பாலும் இந்த வேலையில்தான் இருக்கிறது.

வட்டாரத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். அழகர்மலை அடிவாரத்தில் இருந்து நத்தம் சாலை வரை, அல்லது அரிட்டாபட்டிக் குன்றுகளைச் சுற்றி, இப்படி நடந்து முடிக்கக்கூடிய அளவு. சூத்திரம் உருப்படியாக ஓட முப்பது, நாற்பது துண்டு நிலமாவது வேண்டும். கூகுள் எர்த்தில் மரக்கூட்டமாகத் தெரிகிற எல்லாவற்றையும் சுற்றி வரையுங்கள்: மாந்தோப்பு, புளியந்தோப்பு, கோவில்காடு, கண்மாய்க்கரை மரங்கள், குன்றின் சரிவுக் காடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், பரப்பு, நடுப்புள்ளி. பழைய படங்களைப் பார்க்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் போய், அப்போது இருந்து இப்போது இல்லாத தோப்புகளை வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அழிவுக் கடனைக் கணக்குப் பார்க்க அது தேவைப்படும்.

அப்புறம் கீழே இறங்கி நடக்க வேண்டும், ஏனென்றால் செயற்கைக்கோளுக்குக் கிளுவை வேலி தெரியாது. இலவசமாகக் கிடைக்கிற சென்டினல்-2 படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். கிளுவை வேலியின் அகலம் இரண்டு மீட்டர்கூட இருக்காது. ஆனால் தேவாங்குக்கு அதுதான் ரோடு. அது குரங்கு மாதிரி தாவாது. ஒரு கொப்பைப் பின்னங்காலால் பிடித்துக்கொண்டே உடம்பை நீட்டி அடுத்த கொப்பை எட்டிப் பிடிக்கும். எட்டவில்லை என்றால் திரும்பிவிடும், இல்லையென்றால் தரையில் இறங்கும். தரையில் இறங்கினால் நாய், வண்டிச் சக்கரம். கால் கிலோவைச் சுற்றித்தான் எடை இருக்கும் அந்த உயிருக்கு இருபதடி மண்பாதையே பெரிய ஆபத்து.

அதனால் ஒவ்வொரு தோப்பின் ஓரத்தையும் சுற்றி நடங்கள். பக்கத்துத் தோப்புக்குப் போகிற வேலி என்ன வேலி என்று எழுதுங்கள். கிளுவையா, கள்ளியா, கல்லுக்கால் ஊன்றிய கம்பியா? எத்தனை மீட்டர் தொடர்ச்சி, எங்கே அறுகிறது, அறுந்த இடம் எத்தனை மீட்டர்? பாதைக்கு மேலே இரண்டு பக்கக் கொப்பும் தொடுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "17-ல் இருந்து 21. கிளுவை 180 மீ., புளி 4 (கொப்பு கூடுது), அதுக்கப்புறம் கம்பி வேலி 60 மீ., மரம் இல்லை. பிறகு வேம்பு வரிசை." அந்த அறுபது மீட்டர் எப்போது வந்தது என்று அங்கே ஆடு மேய்க்கிற ஆத்தாவிடம் கேட்டேன். "கிளுவைய வெட்டிப்புட்டுக் கம்பி கட்டுனாங்க தம்பி. அதுலருந்து இந்தப் பக்கம் அது வர்றதில்ல" என்றார். நான் கேட்டது வேலியைப் பற்றி மட்டும்தான். தேவாங்கைப் பற்றி அவராகவே சொன்னார்.

ஊர்க்காரர்களிடம் கேட்கும்போது "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "ரோடு போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?", "உங்க மக கல்யாணத்துக்கு முன்னாடியா?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். தேவாங்கைப் பார்ப்பது அபசகுனம் என்ற நம்பிக்கை சில வீடுகளில் இன்னும் உண்டு. மந்திர வைத்தியத்துக்குப் பிடித்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பேச்சு வந்தால் வாதம் பண்ணாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிடிபட்ட இடங்களும் ஒரு காலத்தில் அது இருந்த இடங்கள்தான்.

ராத்திரி நடை

காப்புக்காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தேவாங்கு 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தொடுவது, பிடிப்பது, தூங்கும் இடத்தை நோண்டுவது எதுவும் கூடாது. தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடமும் காவல்காரரிடமும் பகலிலேயே சொல்லி வையுங்கள். பகலில் ஒரு தடவை அந்தத் தோப்பைச் சுற்றி வந்து, கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு எங்கே, காட்டுப்பன்றிக்குக் கட்டிய மின்வேலி எங்கே என்று படம் வரைந்துகொள்ளுங்கள். இது இரண்டும் பாம்பைவிட ஆபத்து. தனியாகப் போகாதீர்கள்.

டார்ச்சுக்கு முன்னால் சிவப்புச் செல்லோபேன் காகிதம் ஒட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசச் செய்யும், அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, மெதுவாக, நின்று நின்று நடங்கள். டார்ச்சை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்தால்தான் கண்ணொளி திரும்பி வரும். இடுப்பில் பிடித்தால் வராது. நெற்றியில் மாட்டுகிற டார்ச் இதற்கு நல்லது. இரண்டு கண்கள் நெருக்கமாக, முன்னோக்கி, ஆரஞ்சுச் சிவப்பில் மின்னும். புல்லில் பொடிப்பொடியாக மின்னுவது சிலந்தி. தரையில் ஒற்றையாகச் சிவந்து தெரிந்து, கிட்டே போனதும் பறந்தால் பக்கி என்ற ராப்பறவை. மரநாயின் கண்கள் வேகமாக நகரும். தேவாங்கு வெளிச்சம் பட்டதும் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். நீங்களும் நின்றால், கொஞ்ச நேரத்தில் கொப்பில் இருக்கிற எறும்பையோ பூச்சியையோ தேடுகிற வேலையைத் தொடரும். 1990-களின் இறுதியில் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்க் காட்டில் சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங், அன்னா நெகாரிஸ் ஆகியோர் தேவாங்குகளை ராத்திரி ராத்திரியாகப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள். அது பெரும்பாலும் பூச்சி தின்று வாழ்கிறது, எறும்பும் கறையானும் அதிகம் தின்கிறது என்று தெரிந்ததெல்லாம் அந்த மாதிரி ராத்திரிகளால்தான். தோப்பில் பூச்சிமருந்து அடிப்பதையும் ஒரு பத்தியில் எழுதி வைக்கச் சொல்வது அதனால்தான்.

இங்கே ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. பார்க்கவில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தேவாங்கு இருக்கிற தோப்பில் ஒரு நடையில் அதைப் பார்க்கும் வாய்ப்பு 0.4 என்று வையுங்கள். தவறவிடும் வாய்ப்பு 0.6. மூன்று ராத்திரி போயும் தவறவிடும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. ஐந்தில் ஒரு தோப்பை நீங்கள் "காலி" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். ஐந்து ராத்திரி போனால் அது 0.08-க்குக் குறையும். அதனால் ஒவ்வொரு தோப்புக்கும் ஒரே பருவத்துக்குள் பல தடவை போய், ஒவ்வொரு தடவையும் 1 அல்லது 0 என்று தனித்தனியாக எழுதுங்கள், கூட்டிச் சேர்க்காதீர்கள். 01001 என்கிற மாதிரி ஒரு வரிசை கிடைக்கும். அந்த வரிசையில் இருந்தே பார்க்கும் வாய்ப்பையும் இருக்கும் வாய்ப்பையும் பிரித்தெடுக்கும் முறையை மெக்கென்சியும் அவருடைய குழுவும் 2002-ல் வெளியிட்டார்கள். அதற்கான 'பிரசன்ஸ்' என்ற மென்பொருள் இலவசம். 'ஆர்' என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு 'அன்மார்க்ட்' என்ற தொகுப்பு இருக்கிறது.

எந்தத் தோப்பில் எத்தனை பார்த்தோம் என்ற இடக்குறிப்பை வாட்ஸ்ஆப் குழுவிலும் முகநூலிலும் போடாதீர்கள். படம் போட்டாலும் இடம் சொல்ல வேண்டாம். தேவாங்கை வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இணைப்பைக் கணக்கிடுவது

இனி எக்செல். முதல் தாளில் தோப்பு எண், பரப்பு, இருக்கிறதா என்பது. இரண்டாவது தாளில் ஒவ்வொரு தோப்பில் இருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரம், கிலோமீட்டரில்.

ஹான்ஸ்கியின் சூத்திரம் சொல்வது இதுதான்: ஒரு தோப்புக்கு வரவு எவ்வளவு என்பது, சுற்றியுள்ள தேவாங்கு உள்ள தோப்புகளின் பரப்பைப் பொறுத்தது, ஆனால் தூரம் கூடக்கூட அந்தப் பரப்பின் மதிப்பு வேகமாகக் குறையும். குட்டி வளர்ந்து சராசரியாக அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடியேறும் என்று எடுத்துக்கொண்டால், தூரத்தை 2-ஆல் பெருக்கி, கழித்தல் குறி போட்டு, எக்செலின் எக்ஸ்ப் சார்புக்குள் கொடுங்கள். அரை கிலோமீட்டருக்கு 0.37 வரும். ஒரு கிலோமீட்டருக்கு 0.135. இரண்டு கிலோமீட்டருக்கு 0.018.

பக்கத்தில் அரை கிலோமீட்டரில் 4 ஏக்கர் தோப்பு ஒன்று. இரண்டு கிலோமீட்டரில் 10 ஏக்கர் தோப்பு ஒன்று. முதலாவதின் பங்கு 1.47, இரண்டாவதின் பங்கு 0.18. பக்கத்துச் சின்னத் தோப்பு, தூரத்துப் பெரிய தோப்பைவிட எட்டு மடங்கு உதவுகிறது. "சின்ன இடம்தானே, போனால் போகட்டும்" என்று சொல்கிறவர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்கு இது.

ஆனால் நேர்கோட்டுத் தூரம் தேவாங்குக்குப் பொருந்தாது. நீங்கள் வேலி நோட்டில் எழுதியது எல்லாம் இப்போது பயன்படும். மரத்தொடர்ச்சி உள்ள ஒரு மீட்டரை ஒரு மீட்டராகவும், வெட்டவெளியான ஒரு மீட்டரைப் பத்து மீட்டராகவும் எண்ணுங்கள். மேலே சொன்ன அதே அரை கிலோமீட்டர் வழியில் 60 மீட்டர் கம்பி வேலி வந்துவிட்டால், 440-உடன் 600 கூட்டி 1,040 மீட்டர். எக்ஸ்ப் போட்டால் 0.37 இருந்த இடத்தில் 0.125. அறுபது மீட்டர் கிளுவையை வெட்டியதில் அந்தத் தோப்பின் பங்கு மூன்றில் ஒன்றாகிவிட்டது.

பத்து என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். அது அனுமானம். அதனால் அதே கணக்கை 5 வைத்தும், 20 வைத்தும் ஓட்டுங்கள். 5 என்றால் 0.23, 20 என்றால் 0.04 வரும். மூன்று எண்ணிலும் எந்தத் தோப்பு முக்கியம் என்ற வரிசை மாறவில்லை என்றால் தைரியமாகப் பேசலாம். மாறினால், எந்த எண் உங்கள் களப்பதிவோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும். படத்தில் இந்த வழிகளைத் தானாகக் கண்டுபிடிக்க 'க்யூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருளில் வசதி உண்டு. ஆனால் முதல் தடவை கையால் செய்யுங்கள், நிலம் மனதில் பதியும்.

அழகர்மலை மாதிரிப் பெரிய காட்டை அப்படியே ஏக்கரில் போட்டால் கணக்கு கெட்டுவிடும். 10,000 ஏக்கர் காடு ஒன்று மூன்று கிலோமீட்டரில் இருந்தால்கூட அதன் பங்கு 24.8 என்று வந்து, மற்ற எல்லாத் தோப்பையும் விழுங்கிவிடும். மலைக்குள் நடுவில் இருக்கிற தேவாங்கு வெளியே வராது, ஓரத்தில் இருப்பதுதான் வரும். அதனால் எல்லாப் பரப்புக்கும் வர்க்கமூலம் எடுங்கள். மலையின் பங்கு 0.25-க்கு இறங்கும், 4 ஏக்கர் தோப்பின் பங்கு 0.74 ஆகும். மலையை எப்போதும் "இருக்கிறது" என்றே வையுங்கள். 1967-ல் மெக்கார்தரும் வில்சனும் தீவுகளுக்கு எழுதிய கோட்பாட்டில், தீவுகளுக்கு உயிரினங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிற பெருநிலம் செய்கிற வேலையை இங்கே மலை செய்கிறது.

அழிவையும் வரவையும் எண்ணாக்குவது

தோப்பு சின்னதாக ஆக ஆக அழியும் வாய்ப்பு கூடும். ஒரு ஏக்கர் தோப்புக்கு 0.4 என்று எடுத்துப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுத்தால், 4 ஏக்கர் தோப்புக்கு 0.2, 16 ஏக்கர் தோப்புக்கு 0.1. வரவு வாய்ப்புக்கு, மேலே கணக்கிட்ட இணைப்பை, அதாவது சுற்றியுள்ள தோப்புகளின் பங்குகளைக் கூட்டி வருவதை, வர்க்கமாக்கி, அதையே அதோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டியதால் வகுக்க வேண்டும். இணைப்பு குறைவாக இருந்தால் வரவு பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், கூடினால் 1-ஐ நெருங்கும்.

இந்த எண்களை ஆரம்பத்தில் ஊகித்து வையுங்கள். பிறகு உங்கள் 1, 0 பதிவோடு நன்றாகப் பொருந்தும்வரை எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியைத் தேட விடுங்கள். ஒரு எச்சரிக்கை. ஒரே வருஷப் பதிவை வைத்து அழிவு எண்ணையும் வரவு எண்ணையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, இரண்டும் பெருக்கலாகச் சேர்ந்தே வரும். பிரிக்க வேண்டும் என்றால் அதே தோப்புகளுக்கு மறுபடி போய், எது காலியானது, எது நிரம்பியது என்று பார்க்க வேண்டும். தேவாங்கு பட்டாம்பூச்சி மாதிரி ஒரே வருஷத்தில் தலைமுறை மாறுகிற உயிர் இல்லை. அதனால் கணக்கை ஓட்டும்போது வருஷத்துக்கு ஒரு கட்டம் என்பதைவிட மூன்று வருஷத்துக்கு ஒரு கட்டம் வைப்பது பொருத்தம் என்பது என் கருத்து.

ஓட்டிப் பார்ப்பது

இன்றைய 1, 0 நிலையில் இருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தோப்புக்கும் எக்செலின் ராண்ட் சார்பால் 0-க்கும் 1-க்கும் இடையில் குருட்டாம்போக்கில் ஒரு எண் எடுங்கள். தேவாங்கு உள்ள தோப்பு என்றால், அந்த எண் அழிவு வாய்ப்பைவிடக் குறைவாக வந்தால் அது காலி. காலித் தோப்பு என்றால், வரவு வாய்ப்பைவிடக் குறைவாக வந்தால் அது நிரம்பியது. கட்டம் முடிந்ததும் இணைப்பை மறுபடி கணக்கிட வேண்டும். நிரம்பிய தோப்புகள் மாறிவிட்டனவே. இதை மறந்துவிட்டால் முழு மாதிரியும் அர்த்தமில்லாமல் போகும். ஐம்பது வருஷம் ஓட்டி, அதையே ஆயிரம் தடவை ஓட்டுங்கள். மலையைத் தவிர எல்லாத் தோப்பும் காலியாக முடிந்த ஓட்டங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். வகுப்பில் இதையே சார்ட் பேப்பரில் பன்னிரண்டு தோப்பு வரைந்து, பகடை உருட்டி, புளியங்கொட்டை வைத்து எடுத்துச் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்.

ஆயிரத்தில் 230 என்று வந்தால் "23 சதவீதம் அழியும்" என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். அந்த எண்ணுக்குள் உங்கள் ஊகங்கள் நிறைய உட்கார்ந்திருக்கின்றன. ஒரே ஊகங்களை வைத்து இரண்டு நிலைமைகளை ஒப்பிடத்தான் இந்த மாதிரி நம்பகமானது. சாலையை அகலப்படுத்திப் புளியமரங்களை எடுத்தால் என்ன, எடுத்த பிறகு மேலே கயிற்றுப்பாலம் கட்டினால் என்ன? வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்குச் சாலைக்கு மேல் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அறுந்த அறுபது மீட்டரில் கிளுவைப் போத்து நட்டால் என்ன? கிளுவைக்குச் செலவே இல்லை, வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும்.

நான் எப்போதும் செய்யச் சொல்கிற ஒப்பீடு ஒன்று உண்டு. தோப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்தால் அழிவு அதிகமாகக் கூடுகிறது? ஓரத்தில் இருக்கிற, தேவாங்கு நிறையத் தெரிகிற தோப்புதான் முதலில் வரும் என்று எதிர்பார்ப்போம். நடுவில் இருக்கிற, இன்று காலியான, யாரும் கவனிக்காத மூன்று ஏக்கர் புளியந்தோப்பு முதலிடத்துக்கு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கூட்டங்களும் அது வழியாகத்தான் கலக்க முடியும். "தேவாங்கு இல்லாத இடம், பிளாட் போடலாம்" என்று அறிக்கை எழுதினால் முதலில் போவது அந்தத் தோப்புதான்.

தமிழ்நாட்டில் நல்லது நடக்காமல் இல்லை. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. அடுத்த மாதமே அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம், ஊர்கள் திரண்டு நின்றதால் 2025 ஜனவரியில் ரத்தானது. இவை எல்லாம் நமக்குப் பெரிய பலம். ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கும் குன்றின் எல்லைக்கும் வெளியே, பட்டா நிலத்தில் இருக்கிற தோப்புகளுக்கும் வேலிகளுக்கும் யார் கணக்குப் பார்ப்பது? அதை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் பார்க்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

கணக்கை எடுத்துக்கொண்டு எங்கே போவது

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் பதிவேடு எந்த நிலையில் இருக்கிறது என்று செயலரிடம் கேளுங்கள். காலித் தோப்புகள், கிளுவை வேலிகள், அறுந்த இடங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றச் சொல்லுங்கள். தேவாங்கின் துல்லியமான இடத்தை மட்டும் ஏற்ற வேண்டாம். கிராமசபைக்குப் போகும்போது எக்ஸ்ப், சால்வர் எல்லாம் வேண்டாம். இரண்டு படம் போதும். இன்றைய நிலை ஒன்று, குறிப்பிட்ட அந்த வேலி போனால் வரும் நிலை ஒன்று. தோப்புக்காரர்களின் பெயரைப் படத்தில் போடாமல் எண்ணை மட்டும் போடுங்கள், இல்லையென்றால் கூட்டம் வேறு சண்டைக்குப் போய்விடும். கம்பி வேலி போட்டவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பன்றித் தொல்லை அவருக்கு உண்மையான தொல்லை; கம்பியை ஒட்டி உள்பக்கம் கிளுவை ஊன்றலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்.

கூட்டத்துக்கு முன்னாலேயே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். அடுத்த கட்டத்தில் எந்தெந்தத் தோப்பு காலியாகும், எது நிரம்பும் என்று உங்கள் மாதிரி சொல்வதை வாய்ப்பு எண்ணோடு ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். மறுபடி ராத்திரி நடை முடித்த பிறகு அதைப் பிரித்துப் பதிவோடு ஒப்பிடுங்கள். 0.7 என்று சொன்ன தோப்புகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு நடந்திருக்க வேண்டும். பத்துக்கு மூன்றுதான் நடந்திருக்கிறது என்றால் வெட்டவெளிக்கு வைத்த பத்து மடங்கில் இருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணாகத் திரும்பப் பாருங்கள். வேலி நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இடையில் யாராவது புதுசாகக் கம்பி கட்டியிருப்பார்கள்.